நிகர பூஜ்ஜியத்துக்குக் கை தூக்குவது எளிது, கணக்குக் கேட்பதுதான் கடினம்

2019 ஜூன் 24 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் ஓர் ஆணை விவாதத்துக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டின் பருவநிலை மாற்றச் சட்டத்தில் '80 சதவீதம்' என்றிருந்த இடத்தில் '100 சதவீதம்' என்று மாற்ற வேண்டும், திருத்தம் அவ்வளவுதான். சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். வாக்கெடுப்பு நடத்தும் தேவைகூட எழவில்லை. மின் நிலையம், உருக்காலை, கார், வீட்டுக் கொதிகலன் என்று ஒரு நாட்டின் எரிசக்தி அமைப்பையே 2050-க்குள் மாற்றியாக வேண்டிய கடமை இப்படித்தான் சட்டமானது.

இந்தச் செய்தியைக் கேட்டதும் சிலர், "நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகு இன்னும் என்ன கேள்வி?" என்கிறார்கள். வேறு சிலர், "ஒன்றரை மணி நேரத்தில் நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கொதிக்கிறார்கள். இரு தரப்பும் இலக்கோடு நின்றுவிடுகிறது. இலக்கு என்பது போய்ச் சேர வேண்டிய ஊரின் பெயர் மட்டுமே. யார் எவ்வளவு கட்டணம் கட்டுவது, எந்த ஆலை எந்தத் தேதியில் மூடப்படும், மானியம் யார் வீட்டுக்கு என்பவையெல்லாம் அதற்குப் பிறகு வரும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன விதிகளில் முடிவாகின்றன. நியாயமும் அநியாயமும் அங்கேதான் பிறக்கின்றன. நாடாளுமன்றத்தின் கண் பதிய வேண்டிய இடமும் அதுதான். ஆனால் அந்த விதிகள் பெரும்பாலும் யாரும் கவனிக்காமலே கடந்து போகின்றன.

இந்தத் துறையில் வெகுதூரம் போய்ப் பார்த்த நாடு பிரிட்டன். அங்கே நடந்தவற்றை வைத்தே இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

'நிகர பூஜ்ஜியம்' என்றால் புகையே வெளிவராத நாடு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு நாடு காற்று மண்டலத்தில் சேர்க்கும் பசுங்குடில் வாயுக்களும், காடு, மண், இயந்திரம் வழியாகத் திரும்ப எடுக்கும் வாயுக்களும் சமமாகிவிட்டால், கழித்துப் பார்க்கும்போது மிச்சம் பூஜ்ஜியம். திரும்ப எடுப்பது செலவு மிகுந்த, அளவில் சிறிய வேலை என்பதால், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றைப் பெரும்பாலும் கைவிடாமல் அந்தக் கணக்கு நேராகாது.

'நியாயமான மாற்றம்' என்ற கருத்தைப் பிறப்பித்தது சுற்றுச்சூழல் இயக்கம் என்று எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் அது தொழிற்சங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் எண்ணெய், ரசாயன, அணுசக்தித் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான டோனி மஸோக்கி, நச்சுத் தொழில்களை மூடுவதானால் அதில் உழைத்தவர்களுக்கு வருமானமும் படிப்பும் தர ஒரு நிதி வேண்டும் என்று வாதாடினார். 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம் அந்தக் கருத்தை முகவுரையில் சேர்த்துக்கொண்டது. இன்று அதன் பொருள் இன்னும் விரிந்திருக்கிறது: மாற்றத்தின் சுமையும் பலனும் தொழிலாளர், நுகர்வோர், ஊர்கள் இடையே ஒருதலையாக விழாமல் பார்த்துக்கொள்வது.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல் ஜெனரேட்டரை அகற்றிவிட்டு மொட்டைமாடியில் சூரியத் தகடு பதிப்பது என்று பொதுக்குழு முடிவெடுக்கிறது. எல்லோரும் கை தூக்குகிறார்கள். செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா, பரப்பளவைப் பார்த்தா? வாடகைக்கு இருப்பவர் பராமரிப்புத் தொகையோடு சேர்த்துக் கட்டிவிடுவார். வீட்டின் மதிப்பு உயர்வதோ உரிமையாளருக்கு. இத்தனை காலம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த மாதம் என்ன செய்வார்? தகடு பதிப்பது செயலாளரின் பொறுப்பு. பொதுக்குழு ஏணி ஏறப் போவதில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் எழுந்து, ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்கலாம்.

செயலாளர் இருக்கும் இடத்தில் அரசையும், பொதுக்குழு இருக்கும் இடத்தில் நாடாளுமன்றத்தையும் வைத்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். மீதிப் பாதிக்கு இந்த உவமை உதவாது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்கள் செயலாளரின் சொந்தக் கட்சிக்காரர்கள்! கேள்வி கேட்க வேண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்காமல் இருப்பதில்தான் லாபம். அதனால்தான் தனியாகச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

சுருக்கமாக, நிகர பூஜ்ஜியம் ஒரு கணக்கு. நியாயமான மாற்றம் அந்தக் கணக்கை யார் அடைப்பது என்ற கேள்வி. நாடாளுமன்றக் கண்காணிப்பு என்பது அந்தக் கேள்விக்கு அமைச்சரிடமிருந்து பதிவில் நிற்கும் பதிலை வாங்குவது.

ஒரே நாளில் இரண்டு மூடல்கள்

2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனில் இரண்டு இடங்களில் நெருப்பு அணைந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல் மின் நிலையம் கடைசி முறையாக ஓடியது. 1882-இல் லண்டனின் ஹோல்பார்ன் வயடக்டில் தொடங்கிய நிலக்கரி மின்சாரம், 142 ஆண்டுகளுக்குப் பின் அன்றோடு முடிந்தது. அதே நாளில் தெற்கு வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீல் ஆலையில் இரும்புத் தாதை உருக்கும் கடைசி ஊது உலையும் நின்றது.

முதலாவது மூடல் கிட்டத்தட்ட சத்தமில்லாமல் நடந்தது. நிலக்கரி மின்சாரம் 2025-க்குள் நிற்கும் என்று அரசு 2015-லேயே சொல்லியிருந்தது. 2021-இல் அந்தத் தேதியை 2024 அக்டோபருக்கு முன்னுக்குக் கொண்டுவந்தது. வேறு வேலை தேடவும், புதிய தொழில் கற்கவும், ஓய்வு பெறவும் ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருந்தது. கடைசி நாளில் அங்கே இருந்தவர்களும் சுமார் 170 பேர்தான்.

போர்ட் டால்பட் கதை வேறு. பழைய உலைகளுக்குப் பதிலாகப் பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலை வரப்போகிறது. மொத்தச் செலவு 125 கோடி பவுண்டு. அதில் 50 கோடி அரசுப் பணம். இதனால் நாட்டின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 1.5 சதவீதம் குறையும் என்று அரசு சொன்னது. பருவநிலைக் கணக்கில் பார்த்தால் கைதட்ட வேண்டியதுதான். ஆனால் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது 2023 செப்டம்பரில். பழைய உலை நின்றது ஏறத்தாழ ஓராண்டில். புதிய உலை எரிவது 2027 இறுதிவாக்கில் என்பது அப்போதைய திட்டம். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் உலைத் தொழிலாளி எங்கே போவார்? உலை வந்த பிறகும் அதற்குப் பழைய அளவு ஆட்கள் தேவையில்லை. 2,800 பேர் வரை வேலை இழப்பார்கள் என்று கணக்கிடப்பட்டது.

இரண்டு மூடல்களும் ஒரே திசையில்தான் போகின்றன. வேறுபாடு கால இடைவெளியில் இருக்கிறது. நியாயம் என்ற சொல்லை மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் முழங்கலாம். ஒரு குழு அதைச் சோதிக்க வேண்டுமென்றால், பழையது நிற்கும் தேதிக்கும் புதியது தொடங்கும் தேதிக்கும் நடுவில் எத்தனை மாதம், அந்த மாதங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும். 50 கோடி பவுண்டு கொடுக்கும்போது எத்தனை வேலைகளைக் காப்பாற்றச் சொன்னீர்கள் என்பது அடுத்த கேள்வி. வேல்ஸ், யார்க்‌ஷயர், ஸ்காட்லாந்தின் சுரங்க ஊர்களில் இந்தக் கேள்விகளுக்கு ஒரு கனம் உண்டு. 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பின் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டதை அங்குள்ள குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. அப்போது பருவநிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. மாற்று ஏற்பாட்டைப் பற்றிப் பேசியதும் குறைவுதான்.

கட்டணச் சீட்டில் ஒளிந்திருக்கும் வரி

வேலை இழப்பு செய்தியாகிறது. கட்டணம் அப்படிக் கண்ணில் படுவதில்லை. ஆனால் அது தொடும் வீடுகளின் எண்ணிக்கை பல மடங்கு.

காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் தந்த ஆதரவுத் தொகையை ஓர் அரசு இரண்டு வழிகளில் திரட்டலாம். வருமான வரியிலிருந்து எடுத்தால், அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் தருவார். மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்தால், ஏழை வீடு தன் வருமானத்தில் பெரிய பங்கைத் தரும்; பணக்கார வீட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. காற்றாலை அதேதான், செலவும் அதேதான். சுமை மட்டும் தோள் மாறுகிறது. இப்படிக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிப்பதைத் தீர்வை என்பார்கள்.

பிரிட்டனில் இந்தத் தீர்வைகளில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக எரிவாயு மீது அல்லாமல் மின்சாரத்தின் மீது விழுந்துவந்தது. இதில் இன்னொரு கோணலும் உண்டு. எரிவாயுக் கொதிகலனை விட்டுவிட்டு வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும், மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்புக்கு மாறுங்கள் என்று ஒரு கையால் அழைத்துக்கொண்டே, மறு கையால் மின்சாரத்தின் விலையை ஏற்றுகிறார்கள். இதைக் குழுக்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டின. 2025 நவம்பர் பட்ஜெட்டில்தான், பழைய தீர்வை ஒன்றில் வீடுகள் கட்டும் பங்கில் முக்கால்வாசியை மூன்று ஆண்டுகளுக்கு அரசுக் கருவூலம் ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

கேள்வி கேட்கும் இயந்திரம்

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது, எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து கூச்சலிடும் சபை. கண்காணிப்பு என்றால் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே ஓர் அமைச்சருக்குக் கேள்விக்கு அரை நிமிடம் சமாளித்தால் போதும். உண்மையான குடைச்சல் மாடியில், குழு அறைகளில் நடக்கிறது.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு நிலைக்குழு என்ற அமைப்பு பிரிட்டனில் 1979-இல் வந்தது. பல கட்சி உறுப்பினர்களும் அதில் இருப்பார்கள். 2010 முதல் பெரும்பாலான குழுத் தலைவர்களைச் சபை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. கட்சிக் கொறடா கைகாட்டும் ஆள் தலைவராக வரும் வழக்கம் அதோடு உடைந்தது. எரிசக்திப் பாதுகாப்பு மற்றும் நிகர பூஜ்ஜியத் துறைக்கு 2023 முதல் தனிக் குழு உண்டு. எல்லாத் துறைகளையும் குறுக்கே வெட்டிப் பார்க்கும் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு 1997-இலிருந்து இயங்குகிறது.

குழு ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு எழுத்துவழிச் சாட்சியம் கேட்கும். சங்கம், நிறுவனம், ஆய்வாளர், பாதிக்கப்பட்டவர் என்று யாரும் அனுப்பலாம். பிறகு சிலரை நேரில் அழைக்கும். கடைசியில் அமைச்சர் வருவார். ஒரே மனிதரை இரண்டு மணி நேரம் எதிரில் உட்காரவைத்து, முன்னால் வந்தவர்கள் சொன்னதை அவர் முன் வைத்துக் கேட்கும்போது, பயிற்சி பெற்ற பதில்கள் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகும். அதன்பின் குழு பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிடும். இரண்டு மாதத்துக்குள் அரசு எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது மரபு.

பணத்தைத் துரத்துவது வேறொரு குழு. 1861-இலிருந்து இயங்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர்தான் தலைவர். கொள்கை சரியா தவறா என்று அது கேட்காது; கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்று மட்டும் கேட்கும். தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கைப் பிரித்து வைக்கும்; குழு அதிகாரிகளை அழைத்து உட்காரவைக்கும்.

வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைக்க 2020-இல் வந்த பசுமை வீட்டு மானியம் இதற்கு நல்ல உதாரணம். 150 கோடி பவுண்டு, 6 லட்சம் வீடுகள் என்று அறிவித்தார்கள். சில மாதங்களிலேயே திட்டம் மூடப்பட்டது. 31.4 கோடி பவுண்டு மட்டுமே செலவாகும், சுமார் 47,500 வீடுகளே பயன்பெறும், அந்தச் செலவிலும் ஏறத்தாழ 5 கோடி நிர்வாகத்துக்கே போகும் என்று தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. பொதுக் கணக்குக் குழு விட்டுவைக்கவில்லை. குறைந்த வருமான வீடுகளுக்கு ஒரு வரம்பு வரை முழுச் செலவையும் தர வேண்டிய திட்டம் அது என்பதால், தோல்வியின் பாரம் அவர்கள் வீட்டின் மீதும் விழுந்தது.

மூன்றாவது கண் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருக்கிறது. 2008 சட்டம் பருவநிலை மாற்றக் குழு என்ற சுயேச்சையான நிபுணர் அமைப்பை உருவாக்கியது. அது ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு முன்னேற்ற அறிக்கை தருகிறது. அரசு பதில் சொல்ல வேண்டும். ஐந்தைந்து ஆண்டுகளுக்கு நாடு மொத்தமாக எவ்வளவு வாயு வெளியிடலாம் என்ற உச்சவரம்பையும் அது பரிந்துரைக்கும். அந்த உச்சவரம்புக்குக் கார்பன் பட்ஜெட் என்று பெயர். அரசு அதை நாடாளுமன்றத்தில் வைத்துச் சட்டமாக்கும்.

இந்த இடத்தில்தான் இயந்திரம் அடிக்கடி கிறீச்சிடுகிறது. சென்ற கார்பன் பட்ஜெட்டைக் காமன்ஸ் சபை வெறும் 17 நிமிடம் விவாதித்தது என்று 2023 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் குறைப்பட்டார். நியாயமான குறைதான். ஆனால் பெட்ரோல், டீசல் கார் விற்பனைத் தடையை 2030-இலிருந்து 2035-க்குத் தள்ளிவைத்ததும் அதே உரையில்தான்; சபை விடுமுறையில் இருந்தபோது, சபைக்கு வெளியே அதை வாசித்தார். சபாநாயகர் அதிருப்தியைப் பதிவு செய்தார்.

இதுவரை பார்த்தது: சபை இலக்கை நிறுவுகிறது, துறைக் குழு கொள்கையைக் குடைகிறது, கணக்குக் குழு பணத்தைத் துரத்துகிறது, நிபுணர் குழு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

யாரும் வாசிக்காத விதி

இந்த ஏற்பாடெல்லாம் இருந்தும் கோட்டைவிட்டால் என்ன ஆகும்? வட அயர்லாந்தைப் பார்க்கலாம்.

2012 நவம்பரில் அங்கே புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகைத் திட்டம் தொடங்கியது. எண்ணெயும் எரிவாயுவும் எரிப்பதை விட்டுவிட்டு மரத்துண்டுகளை எரிக்கும் கொதிகலனுக்கு மாறும் தொழில்களுக்கு, உற்பத்தியாகும் வெப்பத்தின் அளவுக்கேற்ப இருபது ஆண்டுகளுக்கு மானியம். பிரிட்டனின் மற்றப் பகுதிகளில் ஏற்கெனவே இருந்த திட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். அந்த மூலத் திட்டத்தில் ஒரு தடுப்பு இருந்தது: ஆண்டில் முதல் 1,314 மணி நேரத்துக்கு மட்டும் உயர்ந்த விகிதம், அதற்கு மேல் எரித்தால் மிகக் குறைந்த விகிதம். வட அயர்லாந்து விதிகளில் அந்தப் படிநிலை விடுபட்டுப்போனது. மொத்தச் செலவுக்கும் வரம்பு வைக்கவில்லை.

மானியமோ விறகின் விலையைவிட அதிகம். ஒரு பவுண்டுக்கு எரித்தால் சுமார் 1.60 பவுண்டு திரும்பி வந்தது. எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு லாபம்! காலிக் கொட்டகைகளைச் சூடாக்குகிறார்கள் என்ற புகார்கூடக் கிளம்பியது. தொழில்முனைவோர் ஒருவர் 2013-லேயே துறையிடம் வந்து, இதில் ஓட்டை இருக்கிறது என்று எச்சரித்தார், யாரும் செவிசாய்க்கவில்லை. புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டது 2016 பிப்ரவரியில். இருபது ஆண்டுகளில் கூடுதல் செலவு 50 கோடி பவுண்டை நெருங்கலாம் என்ற அச்சம் அப்போது இருந்தது.

அந்த விதிகள் சட்டமன்றத்தின் வழியாகத்தான் வந்தன. அவை துணைநிலைச் சட்டம் என்ற வகையைச் சேர்ந்தவை: தாய்ச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் துறை எழுதி, சபை மேலோட்டமாக ஒப்புதல் தரும் விதிகள். அவற்றைச் சபையில் முன்வைத்த அமைச்சரே தான் அவற்றை வாசிக்கவில்லை என்று பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். 2016-இல் தணிக்கை அறிக்கை வந்தது, சட்டமன்றக் கணக்குக் குழு அதிகாரிகளை அழைத்துக் கேட்டது, அதற்குப் பிறகுதான் கதை முழுதாக வெளியே வந்தது. 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கினஸ் பதவி விலக, கூட்டணி ஆட்சி கவிழ்ந்தது. மூன்று ஆண்டுகள் அங்கே சட்டமன்றம் செயல்படவில்லை.

இதை ஊழல் கதையாக மட்டும் படிப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். மானியம் போனது கொதிகலன் வாங்க முதல் வைத்திருந்தவர்களுக்கு. பணம் வந்தது எல்லோருடைய பொதுக் கருவூலத்திலிருந்து. விகிதத்தில் ஒரு படியைச் சேர்த்திருந்தால் பெருமளவு தடுத்திருக்கலாம். நியாயம் கொள்கை முழக்கத்தில் தவறவில்லை, ஓர் அட்டவணையில் தவறியது.

இலக்கை உயர்த்துவது கண்காணிப்பு ஆகாது

ஸ்காட்லாந்துப் பாடம் நேர் எதிரானது. அங்கே சட்டமன்றம் தூங்கவில்லை. அளவுக்கு மீறி உற்சாகமாக இருந்தது. 2019 மசோதாவில் 2030-க்குள் 70 சதவீத உமிழ்வுக் குறைப்பு என்று இருந்தது. உறுப்பினர்கள் அதை 75 ஆக உயர்த்தினார்கள். நிபுணர் குழு பரிந்துரைத்ததைவிட அதிகம். எந்த வீட்டில், எந்தச் சாலையில், யார் செலவில் அந்தக் கூடுதல் ஐந்து சதவீதம் வரும் என்ற கணக்கு அதோடு வரவில்லை.

2024 மார்ச்சில் நிபுணர் குழு அந்த இலக்கு இனி நம்பத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. ஏப்ரலில் அரசு அதைக் கைவிட்டது. சில நாட்களில் பசுமைக் கட்சியுடனான ஒப்பந்தம் முறிந்தது, முதல்வர் ஹம்சா யூசஃப் பதவி விலகலை அறிவித்தார். நவம்பரில் ஆண்டு இலக்குகளுக்குப் பதிலாகக் கார்பன் பட்ஜெட் முறைக்கு மாறும் சட்டம் நிறைவேறியது.

இத்தனைக்கும் நியாயமான மாற்றத்தின் கோட்பாடுகளைச் சட்டத்திலேயே எழுதிவைத்த இடம் ஸ்காட்லாந்து. அதற்கென்று தனி ஆணையமும் 2019 முதல் உண்டு. எழுதிவைப்பது நல்லது, கேள்வி கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைக்கும். ஆனால் எண்ணைக் கூட்டுவது எளிதில் கைதட்டல் வாங்கித் தரும் வேலை என்பதால், சபைகள் அதையே கண்காணிப்பு என்று எண்ணிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த 70-ஐயே வைத்துக்கொண்டு, அதை அடையும் வழித்தடம் எது என்று கேட்ட சபையாக இருந்திருந்தால் எனக்கு அதன்மேல் மதிப்பு கூடியிருக்கும்.

மறைந்திருந்த ஐந்து சதவீதம்

கேள்வி கேட்க வேண்டுமென்றால் தகவல் வேண்டும். 2021-இல் பிரிட்டிஷ் அரசு நிகர பூஜ்ஜிய உத்தி என்ற பெரிய ஆவணத்தை நாடாளுமன்றத்தில் வைத்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. விசாரணையில் ஒரு விஷயம் வெளிப்பட்டது: எண்ணிக்கையில் கணக்கிட்ட கொள்கைகள் ஆறாவது கார்பன் பட்ஜெட்டுக்குத் தேவையான குறைப்பில் 95 சதவீதத்தையே தரும் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. மீதி ஐந்து சதவீதத்துக்கு எண் இல்லை. இந்தக் கணக்கு வெளியிட்ட ஆவணத்தில் இடம்பெறவில்லை.

2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உத்தி சட்டப்படியான கடமையை நிறைவேற்றவில்லை என்று தீர்ப்பளித்தது. எந்தக் கொள்கை எவ்வளவு தரும் என்பது நாடாளுமன்றத்துக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் அரசைக் கேள்வி கேட்க முடியும் என்பது தீர்ப்பின் சாரம். அரசு திருத்தி எழுதிய திட்டத்தையும் 2024 மே மாதத்தில் நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்றம் நாடாளுமன்றத்தின் வேலையைப் பறித்துக்கொண்டது என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீதிமன்றம் கொள்கையை மாற்றவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து மேசைமேல் வைக்கச் சொன்னது.

குழுவால் முடியாதது

எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் அதனால் உத்தரவு போட முடியாது. பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். தனியார் நிறுவனம் எடுக்கும் முடிவில் அந்தக் கைக்கட்டு இன்னும் இறுகும்.

ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் 1924 முதல் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. ஸ்காட்லாந்தில் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அந்த வட்டாரத்துக்கு நியாயமான மாற்றம் எப்படி அமைய வேண்டும் என்று ஸ்காட்லாந்து சட்டமன்றத்தின் பொருளாதாரக் குழு ஆராய்ந்து 2023-இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு நவம்பரில், சுத்திகரிப்பு நிறுத்தப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. 2025 ஏப்ரல் 29 அன்று கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு முடிவுக்கு வந்தது. 400-க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. நிறுவனம் சொன்ன காரணம் பருவநிலைக் கொள்கை அல்ல, நஷ்டமும் சந்தைப் போட்டியும். வளாகம் எரிபொருள் இறக்குமதி முனையமாக மாறியது. ஸ்காட்லாந்துக் கார்கள் அன்றும் பெட்ரோலில்தான் ஓடின. சுத்திகரிப்பது மட்டும் வேறிடத்துக்குப் போனது. இதை நிகர பூஜ்ஜியத்தின் வெற்றி என்றும் சொல்ல முடியாது, அதன் பலி என்றும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தரப்பும் அதைத் தன் வாதத்துக்கு இழுத்துக்கொண்டது.

குழுவின் பலம் வேறொன்றில் இருக்கிறது: பதிவு. ஒரு தேதியில் ஓர் அமைச்சர் சொன்ன எண், அடுத்த ஆண்டு அதே மேசையில் அவருக்கு முன்னால் மீண்டும் வைக்கப்படும். அமைச்சர் மாறியிருந்தாலும் துறை மாறியிருக்காது.

ஆகவே 'நாடாளுமன்றக் குழு அரசுக்குக் கண்டனம்' என்ற தலைப்பைப் பார்த்தால் அத்தோடு நிறுத்தாதீர்கள். குழு அறிக்கை வெளியான இரண்டு மாதம் கழித்து வரும் அரசின் பதிலைத் தேடுங்கள். அதை எந்தச் செய்தித்தாளும் முதல் பக்கத்தில் போடுவதில்லை. அதில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே ஒரு சொற்றொடர் இருக்கும். 'ஏற்கிறோம்' என்றிருந்தால் பக்கத்தில் தொகையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'ஏற்கவில்லை' என்றால் காரணம் இருக்கும். அதோடு வாதாடலாம், நேர்மையான பதில் அது. 'கொள்கையளவில் ஏற்கிறோம்' என்ற மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். வேலை இழப்பவர்களுக்கான மறுபயிற்சி, குறைந்த வருமான வீடுகளுக்கான கட்டணச் சலுகை போன்ற பரிந்துரைகளின் கீழே அது வந்தால், அடுத்த வரியில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே 'உரிய காலத்தில்' என்று எழுதியிருக்கும்.